உடம்படுமெய்

எட்டாம் எண்ணிலிருந்து ஒன்பதுக்குப் போக
இயோலாந்தாவுக்கு ஒரு மிதி போதும்.
பெட்டிக்குத்தான் நேரம் வேண்டும்.
பழைய ஒலியை இறக்கி வைத்துவிட்டுப்
புதியதைத் தோளில் ஏற்றும் சுமைக்காரனாய்
நடுவே ஒருதரம் மூச்சு வாங்கும்.

அரை மாத்திரை. அதற்கும் குறைவு.
ஒரு மெய்யெழுத்தின் தலையில் வைத்த புள்ளி அளவு.
ஆனால் எதிரொலியின் வால்
அந்தப் புள்ளியில் அறுந்து விழும்,
கதவிடுக்கில் சிக்கிய பல்லியின் வால்போல.

பெலெம் நகரம். குவாஜாரா வளைகுடாவில்
கட்டிப்போட்ட படகின் மேல்தளம்தான் மேடை.
சனிக்கிழமை மழை பெய்து ஓய்ந்திருக்கும்.
வலதுகால் செருப்பைக் கழற்றி
ஸ்பீக்கர்மேல் வைத்துவிட்டு வாசிப்பாள்.
ஷாக் அடித்துச் சாவாய் என்பார் படகுக்காரர்.
பொத்தானுக்கும் பொத்தானுக்கும் எவ்வளவு தூரமென்று
வெறுங்காலுக்குத்தான் தெரியும்.

பாட்டின் முதல் பாதிக்குத் தெளிந்த ஒலி,
நீர்மேல் கல் தத்துகிற மாதிரி ட்ரெமொலோ.
ஆடுகிறவர்கள் வியர்த்து நெருங்கும்போது
டிஸ்டார்ஷன், அதன்மேல் நீண்ட டிலே.
இரண்டுக்கும் நடுவே அந்தக் குழி.
ஆறு வருடம் விழுந்து விழுந்து எழுந்தாள்.
யாருமே கவனிக்கவில்லை என்றார்கள்.
வாசிக்கிறவளுக்கு இது ஆறுதலா?

ஆகஸ்டில் படகு பழுதுபார்க்கக் கரையேறியது.
பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து முடித்து வந்து
மூன்று ராத்திரி
ஹெட்போனோடு தரையில் உட்கார்ந்தாள்.
எண் மாற்றுவதையே விட்டாள்.
ஒரே எண்ணுக்குள் எல்லோரையும் குடிவைத்தாள்.
யார் விழிப்பது, யார் தூங்குவது
என்பது மட்டும் இனிக் காலின் வேலை.
அணைத்த பிறகும் டிலே தானாய் அடங்கட்டும் என்பதற்கு
மெனுவின் ஆறாம் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம்.
அது ஆறு வருடமாக அங்கேயேதான் இருந்தது.

இடம் போதவில்லை.
தேவாலயம் அளவு ரிவெர்ப் ஒன்று வைத்திருந்தாள், ஆசையாய்.
பெட்டியின் மூளை அதைத் தூக்க மறுத்தது.
சிறிய அறை ஒன்றுக்குச் சம்மதித்தாள்.
டிஸ்டார்ஷன் பாய்ந்து முகத்தில் அறையாதபடி
நாலு டெசிபல் குறைத்தாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை, மிதித்தாள்.
தெளிந்த ஒலியின் கடைசித் துளிகள்
கனத்த ஒலியின்மேல் சொட்டிக்கொண்டேயிருக்க
ஒன்று மற்றொன்றாயிற்று. தையல் தெரியவில்லை.

ட்ஸ்.

ஒரு சிம்பல். தனியாக, அம்மணமாக,
எவருக்கும் தேவைப்படாத இடத்தில்.

திரும்பினாள்.
இல்லாத கதவில் சாய்ந்துவிட்டவன் முகத்தோடு
வால்தெனிர், கையில் குச்சி.

"குழி எங்கே?" என்றான் இடைவேளையில்.
"மூடிட்டேன்."
"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."
"நீ சொன்னியா, ஆறு வருஷத்துல?"
அவன் ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு உயிர் நேருக்கு நேர் நின்றால்
நடுவே ஒரு ய், அல்லது ஒரு வ்
கூப்பிடாமல் வந்து உட்காரும்.
மழை ஓசை மழையோசை ஆவது அப்படித்தான்.
அதற்கென்று ஒரு பொருளும் கிடையாது.
நாக்கு தடுக்கிவிடக் கூடாது, அவ்வளவே.
நம் இலக்கணத்தில் அதற்குப் பெயர் உண்டு.
அவள் மொழியில் என்னவோ, தெரியாது.

கடைசிப் பாட்டுக்கு அவள்
பழைய எட்டாம் எண்ணுக்கே போனாள்.
அவனுக்காக.
அந்த இடம் வந்தது. ஒன்பதை மிதித்தாள்.
அவனோ, அவளுக்காக,
குச்சியை அந்தரத்தில் நிறுத்தி வைத்திருந்தான்.

குழி திறந்தே கிடந்தது.
ஆடிக்கொண்டிருந்த ஒருத்தியின் குதிகால்
தரைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.
படகின் அடிவயிற்றில்
தண்ணீர் ஒருமுறை தட்டியது கேட்டது.
இத்தனை வருடமும்
தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும்.